இந்த ஜன்னல் யாரைக் கேட்கிறது?

"அண்ணே, காசு வந்துருச்சான்னு எப்படிப் பாக்குறது?"

ராத்திரி பதினொரு மணிக்குப் போன். என் சித்தப்பா பையன். வீடியோ எடிட்டிங் செய்கிறவன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கூலியைப் பிட்காயினாகத்தான் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். இவனும் சரி என்று போனில் ஒரு வாலட்டை (பிட்காயினை வாங்கி அனுப்பும் ஆப்) இறக்கி, அது தந்த பிட்காயின் முகவரியைக் கொடுத்துவிட்டான். (வரிக் கணக்கு தனிக் கதை. 2022 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் இந்த மாதிரிச் சொத்தை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதை மறுநாள்தான் சொன்னேன். தூங்கப் போகிறவனிடம் எதற்கு?)

பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் பொது எக்ஸ்ப்ளோரர் தளம் ஒன்றின் பெயரைச் சொன்னேன். முகவரியை ஒட்டித் தேடினான். பரிவர்த்தனை தெரிந்தது, ஆனால் "இன்னும் உறுதியாகவில்லை" என்று இருந்தது. பரிவர்த்தனைகளைக் கட்டாகச் சேர்க்கும் பிளாக் ஒன்றில் ஏறினால்தான் உறுதி. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது சராசரிக் கணக்குதான். அன்றைக்குப் பார்த்து நாற்பது நிமிடம் எதுவும் வரவில்லை. அத்தனை நேரமும் பையன் பக்கத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். பரீட்சை ரிசல்ட் பார்ப்பது போல.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தளத்துக்கு இப்போது என்னவெல்லாம் தெரியும்? ஒரு முகவரி தெரியும். அதைத் தேடிய போனின் ஐபி தெரியும். உறுதியாகாத பரிவர்த்தனை ஒன்றை ஒரு மணி நேரத்தில் இருபது முறை பார்க்கிறவன் ஒன்று அனுப்பியவனாக இருக்க வேண்டும், இல்லை வாங்குகிறவனாக இருக்க வேண்டும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். அவர்கள் அதைக் குறித்து வைக்கிறார்களா இல்லையா என்பது வேறு. நாமாகப் போய் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறோம்.

சரி, நாமே சொந்தமாக ஒரு எக்ஸ்ப்ளோரர் வைத்துக்கொள்வோம் என்று கிளம்பினேன். டாக்கரில் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்து ஓட்டும் கருவி; பெட்டிக்குப் பெயர் கன்டெய்னர்) ஒரு கன்டெய்னர், ஒரு சாயந்திர வேலை என்பது என் கணக்கு. மூன்று வாரம் ஆயிற்று.

எக்ஸ்ப்ளோரர் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அதைத் தப்பாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். பிளாக்செயின் அதற்குள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை. அது ஒரு ஜன்னல். சங்கிலி இருப்பது பிட்காயின் கோர் என்ற நிரலிடம். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து எல்லாவற்றையும் தானே இறக்கி, தானே சரிபார்த்து வைத்திருக்கும் நோடு அது. எக்ஸ்ப்ளோரர் அதனிடம் ஆர்பிசி (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் கேட்கும் முறை) வழியாகக் கேள்வி கேட்டு, வருகிற பதிலை வலைப்பக்கமாக வரைந்து காட்டும், அவ்வளவுதான்.

ஜன்னல்களிலும் வகை உண்டு. மெம்பூல் என்ற பெயரில் வருவது பார்க்க அழகானது. கட்டம் கட்டமாகப் பிளாக்குகள் நகரும். ஆனால் அதற்கு முகப்புக்கு ஒரு கன்டெய்னர், பின்புலத்துக்கு ஒன்று, மரியாடிபி தரவுத்தளத்துக்கு ஒன்று என்று மூன்று வேண்டும். எனக்கு அது அதிகம். பிடிசி ஆர்பிசி எக்ஸ்ப்ளோரர் என்று இன்னொன்று இருக்கிறது. நோட்.ஜேஎஸ்-இல் எழுதியது. தனக்கென்று தரவுத்தளம் கிடையாது. எதைக் கேட்டாலும் அந்த நேரத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லும். ஞாபகசக்தி இல்லாத வேலைக்காரன். எனக்கு இதுதான் பிடித்தது. கூடவே மூலநிரலில் டாக்கர்ஃபைலும் இருக்கிறது, நாமே இமேஜ், அதாவது கன்டெய்னருக்கான அச்சு, கட்டிக்கொள்ளலாம்.

ஜன்னல் கிடக்கட்டும், முதலில் வீடு வேண்டுமே. ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு டெஸ்க்டாப் என்னிடம் இருந்தது. 8 ஜிபி ராம். அதற்கு 2 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டேன். பிட்காயின் சங்கிலி இப்போது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. அதன் மேல் இண்டெக்ஸ்கள் (தேடுவதற்கான பட்டியல்கள்) வேறு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள். இடம் போதும், வேகம் போதாது. நோடு சரிபார்க்கும்போது டிஸ்க்கில் அங்கேயும் இங்கேயுமாக லட்சக்கணக்கான சின்னச் சின்னத் தேடல்கள் நடக்கின்றன.

நோடையும் கன்டெய்னரிலேயே போட்டேன். நினைவகத் தேக்கத்தை இயல்பான 450 எம்பியிலிருந்து 4 ஜிபிக்கு ஏற்றினேன், வேகமாக முடியும் என்று. வேகமாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் மதியம் 4,81,824-ஆம் பிளாக்கைத் தாண்டியது. 2017 ஆகஸ்டில் செக்விட் என்ற பிட்காயின் விதி மாற்றம் அமலுக்கு வந்த பிளாக் அது. லாகில் (நிரல் தானே எழுதும் நாட்குறிப்பு) அந்த எண் ஓடுவதைப் பார்க்கவே உட்கார்ந்திருந்தேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். அன்று சாயந்திரம் கம்போஸ் கோப்பில் (எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று டாக்கருக்கு எழுதி வைப்பது) ஒரு சின்னத் திருத்தம் செய்ய கன்டெய்னரை நிறுத்தினேன். மறுபடி கிளப்பினால் உயரம் 4,81,824-க்கும் கீழே நின்றது. பாதி நாள் உழைப்பு காலி.

நடந்தது இதுதான். 4 ஜிபி தேக்கம் என்றால் நோடு தன் கணக்கை மணிக்கணக்கில் நினைவகத்திலேயே வைத்திருக்கும், டிஸ்க்கில் எப்போதாவதுதான் இறக்கும். நிறுத்தச் சொன்னால் அதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தான் படுக்கும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். ஆனால் டாக்கர் நிறுத்து என்று ஒரு சமிக்ஞை அனுப்பிவிட்டு, பத்தே விநாடி பொறுக்கும். அதற்குள் முடியாவிட்டால் கழுத்தைத் திருகிவிடும். என் விஷயத்தில் இன்னும் மோசம். நான் நோடை நேராகக் கிளப்பாமல் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகக் கிளப்பியிருந்தேன். கன்டெய்னருக்குள் முதல் புராசஸ் அந்த ஸ்கிரிப்ட்தான். டாக்கர் அனுப்பிய சமிக்ஞை அதற்குத்தான் போனது. அது வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது. உள்ளே உழைத்துக்கொண்டிருந்தவனுக்குச் செய்தியே போகவில்லை.

ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியில் எக்ஸெக் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் நோடே முதல் புராசஸாக ஆகிவிடும். கம்போஸில் நிறுத்தும் அவகாசத்தைப் பத்து நிமிடமாக்கினேன். இப்போதெல்லாம் நிறுத்தினால் லாகின் கடைசி வரியைப் பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. "ஷட்டவுன்: டன்" என்று இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அது நிறுத்தப்படவில்லை, கொல்லப்பட்டிருக்கிறது. நான் செக்விட்டை இரண்டு முறை அமலுக்குக் கொண்டு வந்தவன் என்று நண்பர்கள் இன்றும் கிண்டல் செய்கிறார்கள்.

மொத்தம் ஐந்து நாளில் நோடு சங்கிலியின் முனைக்கு, அதாவது கடைசி பிளாக்குக்கு, வந்துவிட்டது. அடுத்தது ஜன்னல்.

இமேஜைக் கட்டினேன், 3002-ஆம் போர்ட்டைத் திறந்து கிளப்பினேன், பிரவுசரில் போனால் தொடர்பு அறுந்துவிட்டது என்கிறது. லாகில் பார்த்தால் நிரல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, 127.0.0.1-இல் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பவ்யமாகச் சொல்கிறது. எந்த 127.0.0.1?

ஒவ்வொரு கன்டெய்னரும் ஒரு தனி போர்ஷன். லோக்கல்ஹோஸ்ட் (127.0.0.1-இன் இன்னொரு பெயர்) என்றால் "என் வீடு" என்று பொருள். உள்ளே இருக்கிறவனுக்கு அவன் போர்ஷன்தான் வீடு. தெருக்கதவு அவன் வீட்டில் சேர்த்தி இல்லை. தன் அறைக்குள் யாராவது கூப்பிட்டால் மட்டும் காது கொடுப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறவனிடம், வாசல்வரை வந்த டாக்கர் எத்தனை முறை தட்டினாலும் பிரயோசனம் இல்லை. எக்ஸ்ப்ளோரரை 0.0.0.0-இல், அதாவது எல்லா வாசலிலும், கேட்கும்படி சொன்னதும் பக்கம் திறந்தது.

திறந்தது, ஆனால் வெறும் எலும்புக்கூடு. நோடு கிடைக்கவில்லை. அதே கதைதான், இந்த முறை எதிர்த்திசையில். நோடு எங்கே என்று கேட்டதற்கு நான் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8332 என்று எழுதி வைத்திருந்தேன். எக்ஸ்ப்ளோரர் தன் வீட்டுக்குள்ளேயே நோடைத் தேடிக்கொண்டிருந்தது. தன் கதவைத் தானே தட்டித் தானே "யாருமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கம்போஸில் நோடுக்கு வைத்த பெயரையே முகவரியாகக் கொடுத்தேன். டாக்கரின் உள் டிஎன்எஸ் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இப்போது 403 என்ற பிழை எண்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகும். பிட்காயின் கோர் 401 என்று சொன்னால் கடவுச்சொல் தப்பு. 403 என்றால் கடவுச்சொல் வரை போகவே இல்லை, உன் ஐபியிலிருந்து வருகிறவரோடு பேசமாட்டேன் என்று பொருள். நான் கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் அனுமதிக்கப்பட்ட ஐபி வரியைப் பார்த்தேன். 172.17.0.0/16 என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தேன். அது டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் வலை. கம்போஸ் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வலை கட்டும், எனக்கு 172.18-இல் கட்டியிருந்தது. கம்போஸ் கோப்பிலேயே சப்நெட்டை (வலையின் ஐபி வரம்பை) நிர்ணயித்து எழுதிவிட்டேன், நாளைக்கு 172.19 ஆகிவிடக் கூடாது பாருங்கள்.

அடுத்து வந்த பிழைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எக்ஸ்ப்ளோரரை மறுபடி கிளப்பினால் நன்றாக வேலை செய்யும். நோடை மறுபடி கிளப்பினால் 401. எக்ஸ்ப்ளோரரை இன்னொரு முறை கிளப்பினால் சரியாகிவிடும். இப்படி மூன்று நாள்.

நான் கடவுச்சொல்லுக்குப் பதில் குக்கியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். பிட்காயின் கோர் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு புதுக் கடவுச்சொல்லை உருவாக்கி, குக்கி என்ற சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். அதைப் படிக்க முடிகிறவன் பேசலாம். அந்த ஒரு கோப்பை மட்டும் எக்ஸ்ப்ளோரர் கன்டெய்னருக்குள் தெரியும்படி மவுன்ட் செய்திருந்தேன். தரவுக் கோப்புறை முழுவதையும் காட்ட வேண்டாமே என்ற ஜாக்கிரதை. ஜாக்கிரதைதான் காலை வாரியது. நோடு குக்கியை எழுதும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. தற்காலிகப் பெயரில் புதுக் கோப்பு எழுதி, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றுகிறது. பெயர் அதேதான், ஆனால் ஆள் வேறு. தனிக் கோப்பாக மவுன்ட் செய்தால் டாக்கர் பிடித்து வைத்திருப்பது பெயரை அல்ல, ஆளை, அதாவது டிஸ்க்கில் அந்தக் கோப்பின் அடையாளமான ஐநோடை. ஆக, வெளியே புது ஆள் வந்து உட்கார்ந்த பிறகும் எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளே இறந்துபோன பழைய கோப்பே தெரிந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கடவுச்சொல், உள்ளிருந்து பார்த்தால் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

குக்கியை ஒரு தனிக் கோப்புறையில் எழுதச் சொல்லிக் கோப்புறையை மவுன்ட் செய்தால் தீர்ந்துவிடும். ஆனால் யோசித்துப் பார்த்ததில், குக்கி என்பது வீட்டின் சாவிக்கொத்து. அதை வைத்து நோடை நிறுத்தவும் செய்யலாம். ஜன்னலுக்கு எதற்குச் சாவிக்கொத்து? ஆர்பிசி-ஆத் வரியில் தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி "ஜன்னல்" என்றே பெயர் வைத்தேன். கான்ஃபிக் கோப்பில் கடவுச்சொல் இருக்காது, உப்புச் சேர்த்த ஹாஷ் (திருப்பிக் கடவுச்சொல்லாக்க முடியாத சுருக்க எண்) மட்டும் இருக்கும். கூடவே ஆர்பிசி வெள்ளைப் பட்டியலில் ஜன்னல் என்னென்ன கேட்கலாம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பிளாக் கேட்கலாம், பரிவர்த்தனை கேட்கலாம், மெம்பூல் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் கூட்டம்) நிலவரம் கேட்கலாம். மற்றது எதைக் கேட்டாலும் நோடு மறுத்துவிடும். இந்தப் பட்டியலை முழுசாக எழுதி முடிக்க லாகைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரம் பிடித்தது. ஆனால் அந்த வாரத்தில்தான் இந்தப் பக்கங்கள் எப்படி உருவாகின்றன என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு பரிவர்த்தனைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு உள்ளே வந்தது, இவ்வளவு வெளியே போனது, கட்டணம் இவ்வளவு என்று அழகாகக் காட்டும். சங்கிலியில் அப்படி எழுதியிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எழுதியிருப்பது வெளியே போன தொகைகள் மட்டும். உள்ளே வந்த பணத்துக்குத் தொகையே கிடையாது. "இன்ன எண்ணுள்ள பழைய பரிவர்த்தனையின் இத்தனையாவது வெளியீடு" என்று ஒரு சுட்டு மட்டும்தான் இருக்கும். கட்டணம் என்பது எங்கேயும் எழுதப்படாத எண். உள்ளே வந்ததைக் கூட்டி, வெளியே போனதைக் கழித்தால் மிஞ்சுவது. ஆக, 200 உள்ளீடுகள் கொண்ட பரிவர்த்தனை ஒன்றை நீங்கள் திறந்தால், எக்ஸ்ப்ளோரர் அந்தப் பழைய பரிவர்த்தனைகளை ஒவ்வொன்றாக நோடிடம் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்துத்தான் ஒரு எண்ணைக் காட்டுகிறது. எந்தப் பரிவர்த்தனையையும் எண்ணை மட்டும் வைத்து எடுக்க டிஎக்ஸ்-இண்டெக்ஸ் என்ற பட்டியல் நோடில் இருக்க வேண்டும். அது இயல்பாக அணைந்திருக்கும். இடம் மிச்சம் பிடிக்கப் பழைய பிளாக்குகளை வெட்டி எறியும் முறையில் நோடை ஓட்டினால் இந்த இண்டெக்ஸ் கிடையாது, இரண்டும் சேராது.

ஒருநாள் பெரிய பரிவர்த்தனை ஒன்றைத் திறந்தபோது பக்கம் பாதியில் நின்றது. லாகில் வேலை வரிசை நிரம்பிவிட்டது என்று நோடு முறையிட்டிருந்தது. ஜன்னல் ஒரே மூச்சில் கேட்ட கேள்விகளை வாங்கி வைக்க அதன் வரிசையில் இடமில்லை. வரிசையை நீட்டினேன், ஒரே நேரத்தில் கேட்கும் கேள்விகளை எக்ஸ்ப்ளோரர் பக்கம் குறைத்தேன். ஒரு கிளிக்குக்குப் பின்னால் இத்தனை பேச்சுவார்த்தையா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, இப்போது பிளாக் வருகிறது, பரிவர்த்தனை வருகிறது. 170-ஆம் பிளாக்கைத் திறந்தேன். 2009 ஜனவரி 12 அன்று பிட்காயினை உருவாக்கிய சடோஷியிடமிருந்து ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின் போன பரிவர்த்தனை அதில்தான் இருக்கிறது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு அனுப்பிய முதல் பணம். என் பழைய டெஸ்க்டாப்பின் டிஸ்க்கிலிருந்து அது எழுந்து வந்தபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் புல்லரித்தது.

அப்புறம் தம்பியின் முகவரியை ஒட்டினேன். இத்தனை பாடும் அதற்காகத்தானே.

வரலாறு இல்லை. முகவரி சரியான வடிவில்தான் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டது.

சங்கிலி முழுவதும் என் டிஸ்க்கில் இருக்கிறது. ஆனால் "இந்த முகவரிக்கு இதுவரை என்னென்ன வந்தது" என்ற கேள்விக்கு பிட்காயின் கோர் பதில் சொல்லாது. அதற்கு அந்தப் பட்டியலே கிடையாது. யோசித்தால் நியாயம்தான். சரிபார்க்கிற வேலைக்கு அது தேவையில்லை. செலவாகாமல் கிடக்கும் காசுகளின் பட்டியல் போதும். இன்னும் சொல்லப்போனால் சங்கிலியில் முகவரி என்ற ஒன்றே இல்லை. இருப்பது ஸ்கிரிப்ட், அதாவது இந்தக் காசை எப்படித் திறக்கலாம் என்ற நிபந்தனை. முகவரி என்பது மனிதர்கள் ஒட்டி எடுக்க வசதியாகச் செய்த மறுவடிவம்.

எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. முகவரி விவரத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதலாம். எழுதக்கூடிய பெயர்களில் சில, வெளியே இருக்கும் பொதுத் தளங்கள். அதில் ஒன்றை எழுதிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பக்கம் என் வீட்டு முகவரியில் திறக்கும், என் லோகோகூடப் போட்டுக்கொள்ளலாம். தம்பியின் முகவரி மட்டும் சத்தமில்லாமல் என் ஐபியிலிருந்து கிளம்பி, அன்றைக்கு ராத்திரி போன மாதிரியான ஒரு தளத்துக்கே போய்ச் சேரும். 2 டிபி எஸ்எஸ்டி, ஐந்து நாள் சரிபார்ப்பு, எல்லாம் இருந்தும் கடைசியில் பக்கத்து வீட்டைக் கேட்டுச் சொல்கிற ஜன்னல்.

சொந்தமாக எக்ஸ்ப்ளோரர் ஓட்டுகிறேன் என்று சொல்கிறவர்களில் சிலர் இந்த இடத்தில்தான் அறியாமல் நிற்கிறார்கள் என்பது என் சந்தேகம். பக்கத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எண்களெல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி எலக்ட்ரம் சர்வர், நோடின் பக்கத்தில் உட்கார்ந்து முகவரி வரலாற்றைச் சொல்லும் நிரல். எலக்ட்ர்ஸ் என்று ரஸ்ட் மொழியில் எழுதிய ஒன்றை மூன்றாவது கன்டெய்னராகப் போட்டேன். அது சங்கிலியை ஒருமுறை முதலிலிருந்து படித்து, ஸ்கிரிப்ட் வாரியாகப் பட்டியல் போட்டுக்கொள்கிறது. அதனிடமும் முகவரியை நேராகக் கேட்பதில்லை. முகவரியிலிருந்து ஸ்கிரிப்ட்டை எடுத்து, அதன் ஷா-256 ஹாஷைக் கணக்கிட்டு, பைட்டுகளைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பிப்போட்டு, 50001-ஆம் போர்ட்டில் கேட்க வேண்டும். ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். பிட்காயினில் ஹாஷ்களைக் காட்டும்போது திருப்பிக் காட்டுவது முதல் நாளிலிருந்து வந்த பழக்கம். பரிவர்த்தனை எண்ணும் அப்படித்தான். கோப்பில் ஒரு வரிசை, திரையில் எதிர் வரிசை. பழகிவிட்டது.

எலக்ட்ர்ஸ் பட்டியல் போட்டு முடிக்கும்வரை ஒன்றரை நாள் காத்திருந்தேன். அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம் முளைத்துவிட்டது. முகவரி விஷயத்தில் இப்படி இருந்தால், வேறு எதற்கெல்லாம் இது வெளியே போகிறது? ஒவ்வொரு அமைப்பாகப் படிப்பதற்குப் பதில் வெளியே போகிற கதவையே சாத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். கம்போஸில் ஒரு வலையை உள்வலை என்று குறித்தால், அதில் மட்டும் இருக்கும் கன்டெய்னருக்கு இணையமே கிடையாது. எக்ஸ்ப்ளோரரை அதில் அடைத்தேன். நோடு இரண்டு வலையிலும் இருக்கட்டும், அதற்கு மற்ற நோடுகளோடு பேச வேண்டும்.

லாகில் இரண்டு வகைப் பிழைகள் வரிசையாக வந்தன. டாலர் விலை எடுக்க முடியவில்லை. பியர்கள் (என் நோடு பேசும் மற்ற நோடுகள்) உலகில் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களின் ஐபியை வைத்து இடம் தேட முடியவில்லை. விலையை நோடு எப்படிச் சொல்லும், சங்கிலியில் விலை ஏது? இரண்டையும் அணைக்கத் தனியுரிமைப் பயன்முறை என்று ஒரே சுவிட்ச் இருக்கிறது. போட்டுவிட்டேன். வரைபடம் போனதில் வருத்தம்தான், பார்க்க நன்றாக இருந்தது.

உள்வலையில் அடைத்ததற்கு ஒரு விலை உண்டு. வெளிக்குத் திறந்த போர்ட்டும் வேலை செய்யாது. முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ் கன்டெய்னரை இரண்டு வலைகளிலும் கால் வைத்து நிற்கச் செய்து, பிரவுசர் அதனிடம் வர, அது உள்ளே கொண்டுபோய்க் கேட்கும்படி செய்தேன். மூன்று கன்டெய்னர் அதிகம் என்று மெம்பூலை ஒதுக்கியவன் கணக்கில் இப்போது நான்கு. இதை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

ஃபயர்வால் பற்றிச் சுருக்கமாக. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவியில் எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தேன். ஆனாலும் என் போனிலிருந்து பக்கம் திறந்தது. டாக்கர் போர்ட்டைத் திறக்கும்போது லினக்ஸின் போக்குவரத்து விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது, யுஎஃப்டபிள்யூவின் விதிகள்வரை அந்தப் போக்குவரத்து வருவதே இல்லை. மூடியிருக்கிறது என்று அது சொல்வது பொய்யில்லை, அது காவல் நிற்கும் வாசல் வேறு. போர்ட் வரியில் முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதினால் அந்த மெஷினுக்கு மட்டும் திறக்கும். வாடகை சர்வரில் இதைச் செய்கிறவர்கள் கட்டாயம் பார்த்துவிடுங்கள். இந்த எக்ஸ்ப்ளோரரில் நோடுக்கு நேராகக் கட்டளை தட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆபத்தான கட்டளைகளை அதுவே தடுத்து வைத்திருக்கிறது, என் வெள்ளைப் பட்டியலும் இருக்கிறது, இருந்தாலும் கடவுச்சொல் வைத்தேன். பயனர் பெயர் என்று எதைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும், கடவுச்சொல்லை மட்டும்தான் பார்க்கும் என்பது ஒரு வேடிக்கை.

போன மாதம் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் திறந்து காட்டினேன். அவன் முகவரியை அவனே ஒட்டினான். அன்றைய கூலி, அதற்கப்புறம் வந்த இரண்டு தொகைகள், எல்லாம் வந்தன. "இதுக்கா அண்ணே இவ்வளவு? அந்த சைட்லயும் இதேதானே வந்துச்சு?" என்றான். இதேதான் வந்தது. மறுக்க முடியவில்லை.

பேச்சை மாற்ற முதல் பிளாக்கைத் திறந்துகாட்டினேன். அதில் இருப்பது ஒரே ஒரு பரிவர்த்தனை. 50 பிட்காயின். அதனோடு லண்டன் டைம்ஸின் அன்றைய தலைப்புச் செய்தி, வங்கிகளுக்கு இரண்டாவது முறை நிதியுதவி தருவதன் விளிம்பில் இங்கிலாந்தின் நிதியமைச்சர் நிற்கிறார் என்பது. அந்த 50 பிட்காயினை யாராலும் செலவு செய்ய முடியாது, செலவாகாத காசுகளின் பட்டியலில் அது சேர்க்கப்படவே இல்லை என்று சொன்னேன். அவனுக்கு அது பிடித்திருந்தது. பரிவர்த்தனை எண்ணைத் தொட்டு உள்ளே போனான். பக்கம் திறந்தது.

திறந்திருக்கக் கூடாதே என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அந்தப் பரிவர்த்தனையைப் பிட்காயின் கோரிடம் கேட்டால் தராது. முதல் பிளாக்கின் பரிவர்த்தனை சாதாரணப் பரிவர்த்தனையாகக் கருதப்படுவதில்லை, எடுக்க முடியாது என்று பிழைச் செய்தி வரும். உடனே டெர்மினலில் தட்டிப் பார்த்தேன். பிழைதான் வந்தது. ஜன்னலில் மட்டும் 50 பிட்காயின் தெளிவாகத் தெரிகிறது.

எக்ஸ்ப்ளோரரின் மூலநிரலைத் தேடினேன். பிட்காயினுக்கான கோப்பில் அந்த ஒரு பரிவர்த்தனையை முழுதாக, வரிக்கு வரி, கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டால் மட்டும் ஜன்னல் யாரையும் கேட்பதில்லை. தானே சொல்லிவிடுகிறது.

"என்ன அண்ணே தேடுறீங்க?" என்றான் தம்பி.

"ஒன்னுமில்ல, இரு," என்று சொல்லிவிட்டு, அந்தக் கோப்பில் இருந்ததையும் என் டிஸ்க்கில் முதல் பிளாக்கில் இருந்த பைட்டுகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட ஆரம்பித்தேன்.